சிறிய ஆபீஸில் ஃபைல்களை ஒரே இடத்தில் வைத்துப் பகிர்வது: கேபிள் முதல் பேக்கப் வரை முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய், பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப் பட்டணங்களில் கடைவீட்டு மாடியில் இயங்கும் ஆபீஸ்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். நான்கைந்து கணினி, ஒரு பெரிய பிரிண்டர், மூலையில் இன்டர்நெட் ரௌட்டர். தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் கொன்ட்ராக்டர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி நிறுவனம், உரம் விற்கும் கடை, கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் என்று தொழில் மாறலாம், சிக்கல் மாறாது. வேலையாட்களின் வருகைப் பதிவு முன் மேசையில் இருக்கும். ஆலையின் எடைச் சீட்டுகள் வேறொரு கணினியில், சம்பளக் கணக்கு கிராணியிடம் (எழுத்தரிடம்). 15-ஆம் தேதிக்குள் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) பணம் கட்டியாக வேண்டும். பென்டிரைவ் மேசை மேசையாக ஓடும். வாட்ஸ்அப்பில் ‘சம்பளம் இறுதி’, ‘சம்பளம் இறுதி 2’, ‘இதுதான் இறுதி’ என்று மூன்று ஃபைல் சுற்றும்.

இதைச் சரிசெய்ய சர்வர் வாங்க வேண்டாம், மாதச் சந்தா கட்ட வேண்டாம். இருக்கிற விண்டோஸ் கணினிகளே போதும். ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது: ஃபைல்கள் ஒரே கணினியில் இருக்க வேண்டும், அந்தக் கணினியின் முகவரி மாறவே கூடாது, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் பாஸ்வேர்டும் இருக்க வேண்டும். ‘நேற்று வந்தது, இன்று வரவில்லை’ என்ற புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று நழுவியதால் வருபவை.

எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் மழையில் லைன் அறுந்து இரண்டு நாள் இன்டர்நெட் இல்லாமல் போனால் சம்பள வேலை நின்றுவிடும். ஆபீஸுக்குள் இருக்கும் நெட்வொர்க்குக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. ரௌட்டருக்கும், கணினிகளின் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் மின்சாரம் இருந்தால் போதும்.

எந்தக் கணினியில் வைப்பது

முதலாளியின் லேப்டாப் வேண்டாம், அது வீட்டுக்குப் போய்விடும். வருவோர் போவோர் உட்காரும் முன் மேசைக் கணினியும் வேண்டாம். காலையில் முதலில் திறந்து மாலையில் கடைசியாக மூடும் ஒரு மேசைக் கணினியைத் தேர்ந்தெடுங்கள். இனி அதைத் தலைக் கணினி என்று சொல்வோம்.

அதில் விண்டோஸ் 11 இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. மற்றவர்களின் கணினிகளில் அதை இன்னும் கொஞ்ச நாள் சகித்துக்கொள்ளலாம், எல்லா ஃபைலும் இருக்கும் கணினியில் கூடாது. ஹோம், புரோ இரண்டிலுமே ஃபோல்டரைப் பகிர முடியும். ஆட்களையும் அனுமதிகளையும் கையாளும் வசதிகள் புரோவில் அதிகம். ஒரே நேரத்தில் 20 சாதனம் வரைதான் இணையலாம் என்ற வரம்பு இரண்டுக்கும் உண்டு. ஐந்து பேர் ஆபீஸுக்கு அது தாராளம்.

டிஸ்க் எஸ்எஸ்டியாக இருப்பது நல்லது. விண்டோஸ் சி டிரைவிலும் ஆபீஸ் ஃபைல்கள் டி டிரைவிலும் இருந்தால், விண்டோஸைத் திரும்பப் போட வேண்டிய நாளில் வேலை எளிது.

மின்சாரத்தை மறக்க வேண்டாம். ஓர் இடி இடித்தால் மெயின் ட்ரிப் ஆகும் ஊர்கள் இவை. சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த எக்செல் ஃபைல் அடுத்த முறை திறக்காமல் போகலாம். தலைக் கணினி, ரௌட்டர், சுவிட்ச் மூன்றையும் ஒரு யுபிஎஸ்ஸில் போடுங்கள். சேமித்துவிட்டு முறையாக மூட ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும், ஒரு மேசைக் கணினிக்கு 650 விஏ அளவு அதைத் தரும். பிரிண்டரை மட்டும் அதில் சொருக வேண்டாம். லேசர் பிரிண்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

பிறகு ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘பவர்’ போய் மின் இணைப்பில் இருக்கும்போது ‘ஸ்லீப்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். தலைக் கணினி தூங்கினால் மற்ற எல்லோருக்கும் டிரைவ் காணாமல் போகும். திரை அணையலாம், பாதகமில்லை. அதில் யாரும் லாகின் செய்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. கணினி ஓடிக்கொண்டிருந்தால் போதும், பூட்டுத் திரையில் நின்றாலும் பகிர்வு நடக்கும்.

கேபிள்

வைஃபையில் ஃபைல் பகிரலாம், ஆனால் தலைக் கணினியை மட்டுமாவது கேபிளில் போடுங்கள். மற்றவற்றையும் முடிந்தவரை கேபிளிலேயே. எட்டு போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று, கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள். இவ்வளவுதான் சாமான். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது, கடைவீட்டுக்குள் அந்தக் கவலை வராது.

கவலை கேபிளின் தரத்தில்தான். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள் சந்தையில் நிறைய. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும், கம்பியை இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடியும். ‘முழுச் செம்பு’ என்று கேட்டு வாங்குங்கள். பட்டணத்தில் கிடைக்காவிட்டால் ஈப்போ, கிள்ளான் பக்கம் போகும்போது ஒரு பெட்டி எடுத்து வரலாம்.

கேபிளின் தலையை (முனையில் வரும் பிளக்கை) நீங்களே அடிப்பதாக இருந்தால், கிளிப் கீழே இருக்க, இடமிருந்து வலமாக: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. எட்டுக் கம்பியில் ஒன்று சரியாகக் கடிக்காவிட்டாலும் இணைப்பு அறுந்துவிடாமல், சத்தமில்லாமல் கிகாபிட்டிலிருந்து 100-க்கு இறங்கி ஓடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள், ‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்வார்கள். ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, ‘ஈதர்நெட்’ போய் ‘லிங்க் ஸ்பீட்’ பாருங்கள். 1000 என்று இருந்தால் 1 ஜிபி ஃபைல் பத்து விநாடியில் போகும். 100 என்று இருந்தால் அதே ஃபைலுக்கு ஒன்றரை நிமிடம். தலையை வெட்டி மறுபடி அடிக்க வேண்டிய நேரம் அது.

ஆபீஸ் ஒரு கட்டடத்திலும் உரக் கொட்டகையோ லோரிப் பட்டறையோ எதிர்க் கட்டடத்திலும் இருந்தால், இடையில் செம்புக் கேபிளை வெளியே இழுக்க வேண்டாம். பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினாலே அந்தக் கம்பியில் மின்னழுத்தம் பாய்ந்து இரண்டு பக்கச் சுவிட்சும், சில சமயம் கணினியின் போர்டும் போய்விடும். உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளும் இரண்டு முனையிலும் அதைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு மழைக்காலம் தாண்டினால் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

வைஃபையில் வரும் லேப்டாப்புகள் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணையக் கூடாது. இன்டர்நெட் வரும், பக்கத்துக் கணினி தெரியாது. கெஸ்ட் நெட்வொர்க் அப்படிப் பிரித்து வைப்பதற்காகவே இருக்கிறது.

முகவரியும் பெயரும்

ரௌட்டர் ஒவ்வொரு கணினிக்கும் தானாக ஓர் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அந்தக் கணினியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) கொடுக்கும், அது நிரந்தரம் அல்ல. நேற்று 192.168.1.104 ஆக இருந்த தலைக் கணினி, கரண்ட் போய் வந்த பிறகு 192.168.1.107 ஆகலாம். பழைய முகவரியைத் தேடும் எல்லோருக்கும் டிரைவ் செத்துப்போகும்.

இரண்டு வழி உண்டு. நல்ல வழி, ரௌட்டரின் பக்கத்துக்குள் போய் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில் தலைக் கணினிக்கு ஓர் எண்ணை ஒதுக்குவது. ரௌட்டரின் பாஸ்வேர்ட் யாரிடமும் இல்லை என்றால் இரண்டாவது வழி: தலைக் கணினியில் ‘ஈதர்நெட்’ பக்கத்தில் ‘ஐபி அசைன்மென்ட்’ என்பதை ‘மேனுவல்’ ஆக்கி, ஐபிவி4-ஐ இயக்கி நீங்களே எழுதுவது. எடுத்துக்காட்டாக முகவரி 192.168.1.10, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1. கேட்வேயில் உங்கள் ரௌட்டரின் உண்மையான முகவரி வர வேண்டும், சிலவற்றில் அது 192.168.0.1. டிஎன்எஸ் கட்டத்திலும் அதே ரௌட்டர் முகவரியைப் போடலாம்.

கையால் எழுதும்போது ரௌட்டர் தானாகப் பங்கிடும் எண் வரிசைக்குள் கை வைக்காதீர்கள். அது 100 முதல் 200 வரை கொடுப்பதாக இருந்தால் நீங்கள் 10-ஐ எடுங்கள். அந்த வரிசைக்குள் ஓர் எண்ணைப் பிடித்தால், என்றாவது ஒருநாள் யாருடைய கைப்பேசிக்கோ அதே எண் போகும். பிறகு டிரைவ் விட்டு விட்டு வரும், காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆகும்.

கையால் எழுதியதற்கு ஒரு விலையும் உண்டு. ரௌட்டரை மாற்றிப் புதுசு வைத்தால், புதியது 192.168.0 வரிசையில் ஓடலாம். தலைக் கணினி மட்டும் பழைய வரிசையில் தனியாக நிற்கும், அதற்கு இன்டர்நெட்டும் இல்லை, பகிர்வும் இல்லை. ரௌட்டர் மாற்ற ஆள் வரும் நாளில் இதை நினைவில் வையுங்கள்.

கணினியின் பெயரையும் மாற்றிவிடுங்கள். ‘சிஸ்டம்’ பக்கத்தில் ‘ரீநேம்’ இருக்கும். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், 15 எழுத்துக்குள். மாற்றியதும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நெட்வொர்க் பிரைவேட் ஆகட்டும்

எல்லாக் கணினியிலும், ‘ஈதர்நெட்’ அல்லது ‘வைஃபை’ பக்கத்தில் நெட்வொர்க் வகையை ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பப்ளிக் என்று இருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் பகிர்வை அடைத்துவிடும்.

பிறகு ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’. பிரைவேட் பகுதியில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் இயக்குங்கள். கீழே ‘பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்’ என்று ஒன்று இருக்கும். அது இயக்கத்திலேயே இருக்கட்டும்.

யூடியூப் வீடியோக்களில் பாதி அதை அணைக்கச் சொல்லும். அணைத்தால் சில கணினிகளில் உடனே வேலை செய்யும், அதனால்தான் அந்த யோசனை இவ்வளவு பரவியது. ஆனால் ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்ட் தெரிந்த எவரும், வெளியே காத்திருக்கும் லோரி டிரைவர் உட்பட, உள்ளே வந்து பார்க்கலாம். மேலும் விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து, பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் இணைப்பை விண்டோஸே மறுத்துவிடுகிறது. ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கச் சொல்லும் யோசனையும் இதே ரகம்.

எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை இயக்கச் சொல்பவர்களுக்கும் காது கொடுக்க வேண்டாம். 2017 மே மாதம் வான்னகிரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டிலிருந்து விண்டோஸ் எஸ்எம்பி 1-ஐத் தானாக நிறுவுவதை நிறுத்திக்கொண்டது.

ஆளுக்கு ஒரு பெயர்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

ஒருவர் தன் மேசையிலிருந்து தலைக் கணினியின் ஃபோல்டரைத் திறக்கும்போது, அவர் சொல்லும் பெயரும் பாஸ்வேர்டும் தலைக் கணினியில் பதிவாகி இருக்க வேண்டும். அவருடைய சொந்தக் கணினியில் என்ன பெயர் இருந்தாலும் தலைக் கணினிக்கு அது தெரியாது. எனவே தலைக் கணினியிலேயே, ஆபீஸில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு லோக்கல் அக்கவுண்ட் (அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் பெயரும் பாஸ்வேர்டும்) உருவாக்க வேண்டும்.

‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுண்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுண்ட்’. மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்கும் திரை வரும். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பை அழுத்துங்கள். அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இல்லாமல் சேர்க்கும் வழி இருக்கும். பெயர் ஆங்கிலத்தில், சிறியதாக. வகை ‘ஸ்டாண்டர்ட் யூசர்’. யாரையும் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்க வேண்டாம், முதலாளியையும்தான்.

பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள். காலி பாஸ்வேர்ட் உள்ள அக்கவுண்ட் அந்தக் கணினியின் முன் உட்கார்ந்து நுழையத்தான் உதவும், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அதை ஏற்காது. பின் எண்ணும் அப்படியே. ஆறு இலக்கப் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் அதை அடித்தால் ‘பாஸ்வேர்ட் தவறு’ என்றுதான் வரும். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டைப் பின் எண்ணால் மட்டுமே திறந்து பழகிய கணினியில், சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் சில சமயம் மறுக்கும். இந்தத் தலைவலியெல்லாம் லோக்கல் அக்கவுண்ட்டில் இல்லை.

புரோ வைத்திருப்பவர்கள் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ வழியாக ஆட்களைச் சேர்த்தால், ‘அடுத்த முறை நுழையும்போது பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்ற கட்டத்தில் டிக் தானாகவே இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆள் நெட்வொர்க் வழியாக நுழையவே முடியாது, ஏன் என்றும் திரை தெளிவாகச் சொல்லாது.

ஃபோல்டரும் அனுமதியும்

டி டிரைவில் மூன்று ஃபோல்டர் போதும்: பொது, கணக்கு, சம்பளம். பகிர்வுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி வையுங்கள். டெஸ்க்டாப்பையோ முழு டி டிரைவையோ பகிர வேண்டாம்.

பகிர்வில் இரண்டு அடுக்கு அனுமதி உண்டு. ‘ஷேரிங்’ பக்கத்தில் இருப்பது வாசல் கதவு, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் இருப்பது அறைக் கதவு. இரண்டில் எது கண்டிப்பானதோ அதுதான் செல்லும்.

வாசல் கதவு இப்படி. ஃபோல்டரில் வலது கிளிக், ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘ஷேரிங்’, ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’. ‘ஷேர் திஸ் ஃபோல்டர்’ டிக் செய்து ‘பெர்மிஷன்ஸ்’ திறங்கள். அங்கே ‘எவ்ரிஒன்’ என்ற பெயரும் ‘ரீட்’ மட்டும் டிக் ஆகியும் இருக்கும். இதை அப்படியே விட்டுவிட்டு, ‘திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் ஆபீஸ்கள் ஏராளம். எவ்ரிஒன்னை நீக்கி, ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’ சேர்த்து, ‘சேஞ்ச்’ டிக் செய்யுங்கள். ‘ஃபுல் கன்ட்ரோல்’ தேவையில்லை.

அறைக் கதவில்தான் ஆள் பார்த்துப் பிரிப்பது. ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ போனால் ‘டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, இருக்கும் அனுமதிகளை அந்த ஃபோல்டருக்கே உரியதாக மாற்றும் முதல் தேர்வை எடுங்கள். இந்த வேலை எதற்கென்றால், சாதாரண டி டிரைவில் உள்ளே நுழைந்த எவரும் எதையும் மாற்றலாம் என்ற அனுமதி மேலிருந்து கீழே இறங்கி வந்துகொண்டிருக்கும். அதைத் துண்டிக்காமல் சம்பள ஃபோல்டரில் கிராணியின் பெயரை மட்டும் சேர்த்துப் பயனில்லை, மற்றவர்களும் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். துண்டித்த பிறகு ‘ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்’, ‘யூசர்ஸ்’ இரண்டையும் நீக்குங்கள். ‘சிஸ்டம்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ இரண்டையும் தொடாதீர்கள். பிறகு உரிய ஆட்களின் பெயரைச் சேர்த்து ‘மாடிஃபை’ கொடுங்கள். சம்பளத்துக்குக் கிராணியும் முதலாளியும், கணக்குக்கு அவர்களுடன் கணக்காளர், பொதுவுக்கு எல்லோரும்.

சம்பளத்தைப் பொது ஃபோல்டருக்குள் ஒரு உள் ஃபோல்டராக வைக்காமல் தனியாகப் பகிரச் சொல்வது காரணத்தோடுதான். வேலையாட்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட விவரங்களுக்காகத்தான்.

ஒரு நுணுக்கம். சம்பள ஃபோல்டரிலிருந்து ஒரு ஃபைலைத் தலைக் கணினியிலேயே உட்கார்ந்து பொது ஃபோல்டருக்கு ‘கட்’ செய்து ஒட்டினால், ஒரே டிரைவுக்குள் நகர்வதால் அது பழைய பூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். பொதுவில் ஃபைல் தெரியும், யாராலும் திறக்க முடியாது. இப்படி இடம் மாற்றும்போது காப்பி எடுத்து ஒட்டிவிட்டுப் பழையதை அழியுங்கள்.

மற்ற கணினிகளில் இணைப்பது

ஒவ்வொரு மேசையிலும் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, ‘திஸ் பிசி’ பக்கத்தில் மேலே மூன்று புள்ளியை அழுத்தினால் ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’ வரும். ஓர் எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லாக் கணினியிலும் ஒரே ஃபோல்டருக்கு ஒரே எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்செல் ஃபைல்களுக்கிடையே போட்ட இணைப்புகள் ஒரு மேசையில் வேலை செய்து இன்னொன்றில் அறுந்துபோகும்.

ஃபோல்டர் கட்டத்தில் \\192.168.1.10\ என்று அடித்து, அதன் பின்னால் பகிர்வுப் பெயரைச் சேர்க்க வேண்டும். ‘ரீகனெக்ட்’, ‘வேறு விவரங்களால் இணை’ ஆகிய இரண்டிலும் டிக். பெயர் கேட்கும்போது, தலைக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு ஆளின் பெயர் என்று அடியுங்கள். ஆளின் பெயரை மட்டும் அடித்தால் விண்டோஸ் சில சமயம் அந்த மேசைக் கணினியின் பெயரையோ மின்னஞ்சலையோ முன்னால் ஒட்டிக்கொண்டு தவறான இடத்தில் தேடும். நினைவில் வைக்கும் கட்டத்திலும் டிக் செய்துவிடுங்கள்.

ஒரு மேசையிலிருந்து தலைக் கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேறு பெயரில் நுழைய முடியாது. பொது ஃபோல்டருக்கு ஒரு பெயரும் சம்பளத்துக்கு இன்னொரு பெயரும் கொடுத்தால் 1219 என்ற பிழை வரும். ஆளுக்கு ஒரே பெயர் என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியது ஒன்று உண்டு: நெட்வொர்க் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போனது போனதுதான்.

எக்செல், கணக்கு சாஃப்ட்வேர், ஸ்கேனர்

சாதாரண எக்செல் ஃபைலை ஒருவர் திறந்திருக்கும்போது இரண்டாமவருக்கு ‘ரீட் ஒன்லி’ என்று வரும். அது கோளாறு அல்ல, காவல். திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனது யார் என்று தெரிய, தலைக் கணினியில் ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’, ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பாருங்கள். அங்கிருந்தே மூடவும் முடியும், ஆனால் அவர் சேமிக்காதது போய்விடும். எல்லோரும் மூடிய பிறகும் பூட்டு விடவில்லை என்றால், அதே ஃபோல்டரில் ~$ என்று தொடங்கும் மறைந்த சிறு ஃபைல் மிச்சம் இருக்கும். அதை அழித்தால் சரியாகிவிடும்.

எஸ்கியூஎல் அக்கவுண்ட், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு சாஃப்ட்வேர்களின் தரவை மட்டும் இந்தப் பகிர்வு ஃபோல்டரில் போட்டு நேரடியாகத் திறக்க முயல வேண்டாம். முதலாவது ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளத்திலும் இரண்டாவது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தளத்திலும் ஓடுபவை. அவற்றுக்கென்று தனியாகச் சர்வர் நிரல் தலைக் கணினியில் ஓடும், மற்ற மேசைகள் அந்த நிரலிடம்தான் பேச வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தரவு ஃபைலைப் பகிர்வு வழியாகத் தொட்டால் அது கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். பேக்கப்பையும் சாஃப்ட்வேரின் சொந்தப் பேக்கப் பொத்தானால் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலைக் கணக்கு ஃபோல்டரில் வையுங்கள்.

பெரிய காப்பியர் இயந்திரம் ஸ்கேனை நேராக ஃபோல்டருக்கு அனுப்பும். அதற்குத் தனியாக ஓர் அக்கவுண்ட்டும் தனியாக ஒரு ஃபோல்டரும் கொடுங்கள், வேறு எதிலும் அதற்கு உரிமை வேண்டாம். பழைய இயந்திரம் சிலவற்றுக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். அதற்காகத் தலைக் கணினியில் பழைய கதவைத் திறக்காமல், ஃபெர்ம்வேர் (இயந்திரத்தின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

வராவிட்டால் எங்கே பார்ப்பது

முதலில் கேட்க வேண்டியது, எல்லோருக்கும் வரவில்லையா, ஒருவருக்கு மட்டுமா? எல்லோருக்கும் என்றால் தலைக் கணினி, அதன் கேபிள், அதன் முகவரி. ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய கணினி.

‘பாதை கிடைக்கவில்லை’ என்ற செய்தியும் 80070035 என்று முடியும் எண்ணும் வந்தால், பிழைபட்ட மேசையின் ஐபி முகவரியைப் பாருங்கள். தலைக் கணினி 192.168.1.10 ஆகவும் இது 192.168.0.23 ஆகவும் இருந்தால், நடுவில் இரண்டாவது ரௌட்டர் புகுந்திருக்கிறது. பின் அறையில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒரு பழைய ரௌட்டரைச் சொருகியிருப்பார்கள். அது இன்டர்நெட்டைக் கொடுத்துக்கொண்டே தனி நெட்வொர்க் ஒன்றை உருவாக்கி வைத்திருக்கும். அதை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால் அதன் டிஎச்சிபியை (முகவரிகளைத் தானாகப் பங்கிடும் வசதியை) அணைத்து, அதன் சொந்த முகவரியையும் யாரும் எடுக்காத ஓர் எண்ணாக மாற்றி, கேபிளை இன்டர்நெட் போர்ட்டிலிருந்து எடுத்துச் சாதாரண லேன் போர்ட்டில் சொருகுங்கள்.

முகவரி ஒரே வரிசையில்தான் இருக்கிறது, அப்படியும் வரவில்லை என்றால் தலைக் கணினியின் நெட்வொர்க் வகை மறுபடி பப்ளிக் ஆகியிருக்கலாம். ரௌட்டர் மாற்றினால் அது நடக்கும். வேறு நிறுவன ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் சொந்த ஃபயர்வால் உண்டு, அதிலும் பார்க்க வேண்டும்.

‘நெட்வொர்க்’ பட்டியலில் தலைக் கணினியின் படம் தெரியவில்லை, ஆனால் முகவரி அடித்தால் திறக்கிறது என்றால் பதற வேண்டாம். தலைக் கணினியின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ ஆக்கினால் தெரியும். தெரியாவிட்டாலும் நஷ்டமில்லை, டிரைவ் எழுத்து இருக்கிறது.

பாஸ்வேர்ட் மாற்றிய பிறகு நுழைய முடியவில்லை என்றால், அவருடைய மேசையில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ திறந்து, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் 192.168.1.10-க்கு உரிய பழைய பதிவை நீக்குங்கள். பிறகு சைன் அவுட் செய்து உள்ளே வந்தால் புதிதாகக் கேட்கும்.

காலையில் கணினியைத் திறந்ததும் டிரைவ்களை இணைக்க முடியவில்லை என்று ஒரு செய்தி வந்து, டிரைவைக் கிளிக் செய்ததும் திறந்துவிடுகிறதா? வைஃபை இணைவதற்குள் விண்டோஸ் அவசரப்பட்டுவிட்டது. கேபிளுக்கு மாறினால் பெரும்பாலும் நிற்கும்.

புதிதாக வந்திருக்கும் சிக்கல் ஒன்று. கடையில் ஒரே டிஸ்கை நகலெடுத்து நான்கு கணினிக்குப் போட்டுக் கொடுப்பார்கள். நான்கிலும் விண்டோஸின் உள் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். முன்பு அது யாரையும் உறுத்தவில்லை. 2025 ஆகஸ்ட் இறுதிக்குப் பிறகு வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள் 24எச்2, 25எச்2 பதிப்புகளில் அதைச் சோதிக்கின்றன. ஒரே எண் உள்ள இரண்டு கணினி ஒன்றோடொன்று பேச முயன்றால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் தவறு என்றே வரும். நகலெடுத்த கணினிகளில் விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நிலையான தீர்வு. செகண்ட் ஹேண்ட் கணினிகளை மொத்தமாக வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கப்

எல்லா ஃபைலும் ஒரே இடத்துக்கு வந்ததால், தொலைந்தாலும் எல்லாம் ஒன்றாகத்தான் தொலையும். வருமான வரி வாரியம் கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. டிஸ்க் அவ்வளவு காலம் உழைக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

1 டிபி வெளி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒன்றைச் சொருகி, தேதியைப் பெயராகக் கொண்ட புது ஃபோல்டரில் மூன்று ஃபோல்டரையும் காப்பி எடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். அது ஆபீஸை விட்டு வெளியே, முதலாளி வீட்டுக்குப் போகட்டும். அடுத்த வாரம் மற்றது. சொருகியே வைத்திருந்தால் அது பேக்கப் ஆகாது. ஒரு மேசையில் ரான்சம்வேர் புகுந்தால், எழுதும் உரிமை உள்ள நெட்வொர்க் டிரைவ் எல்லாவற்றையும் பூட்டும். தலைக் கணினிக்குள்ளேயே வந்துவிட்டால் சொருகியிருக்கும் டிஸ்கையும் விடாது. இரண்டு டிஸ்க் போட்ட நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப்) பெட்டியில் ஒன்றின் நகலாக மற்றொன்று ஓடுவதும் பேக்கப் அல்ல. தவறாக அழித்தது இரண்டிலும் ஒரே நொடியில் அழியும்.

சம்பள ஃபைல் மட்டும் அளவில் சின்னது. பாஸ்வேர்ட் போட்டு வாரம் ஒருமுறை கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி வைக்கலாம், இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் பல ஆண்டுச் சம்பளம் அடங்கும். மாதம் ஒருமுறை பேக்கப் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு ஃபைலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். காப்பி ஆனதாக நினைத்துக்கொண்டு ஆறு மாதம் காலி ஃபோல்டரைச் சுமந்த ஆபீஸ்கள் உண்டு.

வேலையை விட்டுப் போகிறவரின் அக்கவுண்ட்டை அன்றே தலைக் கணினியிலிருந்து நீக்குங்கள். அவர் உருவாக்கிய ஃபைல்கள் அப்படியே இருக்கும், அவர் பெயர் மட்டும் போகும். ரௌட்டரின் பாஸ்வேர்ட், தலைக் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட், ஒதுக்கிய முகவரி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, காசுப் பெட்டியில் வையுங்கள். கணினி பார்க்கும் ஆள் மாறினால் புதியவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.